விருந்தும் வீடும்: பட்டிப்பொல வழியே ஒரு வரலாறு

தமிழில் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். புதிதாய் வந்தவர் எவரோ அவரே விருந்தினர். நாள்தோறும் வந்துபோகும் உறவினரைக் காட்டிலும், முன்பின் அறியாதவராய் வாயிலில் வந்து நிற்பவருக்கே அச்சொல் முதற்கண் உரியதாயிற்று. வள்ளுவர் இல்லறத்தை வகுத்துரைக்குங்கால், அன்புடைமையை எட்டாம் அதிகாரமாகவும், விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாகவும், இனியவை கூறலைப் பத்தாம் அதிகாரமாகவும் வைத்தார். அன்பு உள்ளத்தில் தோன்றி, விருந்தாக வீட்டில் நிகழ்ந்து, இன்சொல்லாக வாயில் மலர்கிறது என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும்.

இக்காலத்தில் உண்மையான புதியவர் யார் என்று கேட்டால், கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து வந்திருக்கும் மாணவரே எனலாம். அவருக்கு மொழி வேறு, உணவு வேறு, பருவம் வேறு. படிப்பு நடக்கும் மாதங்களில் வகுப்பும் நூலகமும் அவரைத் தாங்கிக்கொள்ளும். விடுமுறை வந்துவிட்டாலோ, உள்நாட்டு மாணவர் அனைவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் தந்தையரிடம் போய்விடுவர். விடுதியின் அடுப்பும் அணையும். ஆளில்லாத நீண்ட நடையில் தம் காலடி ஓசையைத் தாமே கேட்டுக்கொண்டிருக்கும் அயல்நாட்டு மாணவருக்கு அந்நாளில் வேண்டுவது வெறும் அறையன்று, ஒரு குடும்பம். அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்து, சில நாள் உடன் வைத்திருந்து, தம் நாட்டின் காட்சிகளைக் காட்டி அனுப்பும் வழக்கம் உலகில் எவ்வாறு வளர்ந்தது என்பதும், நம் மலைநாட்டில் அதன் வரலாறு என்ன என்பதும் ஆராயத்தக்கவை.

இவ்வாராய்ச்சியைத் தொடங்குவதற்குப் பட்டிப்பொல ஏற்ற இடமாகும். நுவரெலியா மாவட்டத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 1,890 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்துள்ள பட்டிப்பொல இரயில் நிலையம் இலங்கையின் நிலையங்கள் யாவற்றினும் உயர்ந்தது. அதனைத் தாண்டி ஒஹிய செல்லும் வழியிலேயே, 6,225 அடி என்று எழுதப்பெற்ற பலகையோடு, இருப்புப்பாதையின் உச்சி இருக்கிறது. உச்சியிலுள்ள குகைப் பாதைக்குள் நுழையும்போது மூடுபனி. வெளிவரும்போது ஊவா மலைகளின்மேல் வெயில். மலைநாட்டார் பலமுறை கண்டு வியந்த காட்சி இது. இவ்வூரைச் சூழ்ந்து உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா ஆகியவை விளையும் தோட்டங்களும், அம்பேவெலவின் மாட்டுப் பண்ணைகளும், அவற்றுக்கு அப்பால் தேயிலை மலைகளும் விரிந்து கிடக்கின்றன. ஊருக்குத் தெற்கே தொட்டுபொல மலை 2,357 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதன் அடிவாரம் வழியே ஏறும் சாலை ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்கிறது. இதனால் மலையுச்சியைக் காண வருவோர்க்கெல்லாம் பட்டிப்பொல ஒரு தலைவாயிலாய் விளங்குகிறது.

இவ்வாயிலுக்கு இருப்புப்பாதை வந்து சேர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி 1864இல் ஓடியது. 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் பாதை நீண்டது. நானுஓயாவுக்கும் 1894இல் திறக்கப்பெற்ற பண்டாரவளைக்கும் இடையிலேதான் பட்டிப்பொலவின் கடும் ஏற்றம் வெல்லப்பட்டது. பதுளையை வண்டி அடைந்தது 1924இல். முதலில் கோப்பியையும், கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவே இப்பாதை பிறந்தது. காட்சி காண்போருக்காக எவரும் அதனை அமைத்தாரல்லர். ஆயினும் பெட்டிகள் இறங்கிய அதே பாதையில் பயணிகள் ஏறினர்.

இரயில் வருமுன்னரும் விருந்தினர் வந்ததுண்டு. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரையே இச்சமவெளி பெற்றது. சிங்கள மக்கள் அதனை மகா எலிய என்று முன்பே அறிந்திருந்தனர். 1882ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய விலங்கியல் அறிஞர் ஏர்ண்ஸ்ட் ஹெக்கல், பேராதனைப் பூங்காவின் தலைவர் ஹென்றி டிரைமனுடன் இங்கு வந்து, நிலம் சட்டென்று முடிந்து ஏறக்குறைய 870 மீட்டர் செங்குத்தாய்ச் சரியும் உலக முடிவு என்னும் விளிம்பைக் கண்டார். தம் இலங்கைப் பயண நூலில் அதனை விரிவாய் எழுதிவைத்தார். அக்காலத்து அறிஞரும் வேட்டைக்காரரும் தங்குவதற்குத் துரைமாரின் பங்களாக்களும், அரசினர் ஓய்வு விடுதிகளும், பின்னாளில் தோமஸ் ஃபார் என்பவரின் பெயரால் வழங்கிய ஃபார் இல்லமும் இருந்தன. வண்டி செல்லாத அம்மலைப் பாதைகளில் விருந்தினரின் படுக்கையும், புத்தகமும், உணவும் சுமப்போரின் தலைமீதே சென்றன. விருந்தளித்தவர் துரை, விருந்துண்டவர் அறிஞர், விருந்தைச் சுமந்தவர் தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து வந்த தொழிலாளர். விருந்தினரைப் பற்றிய நூல்கள் பல உள. விருந்தைச் சுமந்தவரைப் பற்றிய நூல்கள் அரியவே.

இனி, மாணவரைக் குடும்பத்தில் ஏற்றல் என்னும் பொருளுக்கு வருவோம். இதிற் தமிழர் முதலில் அறிந்திருக்க வேண்டிய வரலாறு கணித மேதை சீனிவாச இராமானுஜனுடையது. 1914ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னையிற் கப்பலேறிய அவர், ஏப்பிரல் 14ஆம் நாள் இலண்டன் துறையில் இறங்கினார். அவரை எதிர்கொண்டழைத்தவர் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியின் இளம் கணித ஆசிரியர் எரிக் நெவில். சில நாள் இலண்டனில் தங்கவைத்தபின், நெவில் அவரைக் கேம்பிரிட்ஜிலிருந்த தம் இல்லத்துக்கே அழைத்துச் சென்றார். கல்லூரியில் அறை கிடைக்கும்வரை ஏறக்குறைய ஆறு வாரங்கள் இராமானுஜன் அவ்விளந் தம்பதியரின் விருந்தினராயிருந்தார். அயல்நாட்டில் அவர் கழித்த ஐந்தாண்டுகளில் அவ்வாறு வாரமே ஒரு குடும்பத்தோடு வாழ்ந்த காலம்.

கல்லூரி அறைக்குச் சென்றபின் நிகழ்ந்ததை, பின்னாளில் புள்ளியியல் அறிஞராய்ப் புகழ்பெற்ற பிரசாந்த சந்திர மகலநோபிஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். இராமானுஜன் குளிரால் நடுங்குவதைக் கண்டு அவர் படுக்கையறையைப் பார்த்தாராம். கம்பளிகள் யாவும் மெத்தையின்கீழ்ச் செருகப்பட்டு ஒழுங்காய் இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டுமென்பது இராமானுஜனுக்குத் தெரியாது. கம்பளிகளுக்கு மேலேயே, மேற்சட்டையை அணிந்தவாறு, அவர் உறங்கியிருந்தார். எண்களின் மறைபொருளை அறிந்தவருக்குக் கம்பளியை விலக்கும் முறையை எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழகியவர்க்கு அது சொல்லவேண்டாத செய்தி. புதியவர்க்கோ அதுவே ஒரு குளிர்காலத் துன்பம். விருந்தளிப்போர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பாடம் இது.

மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. இராமானுஜன் தம் அறையில் நண்பர் ஒருவரையும் இரு பெண்களையும் விருந்துக்கு அழைத்துத் தாமே சமைத்துப் பரிமாறினார். அவர் வார்த்த இரசத்தை விருந்தினர் பாராட்டி மீண்டும் வாங்கி உண்டனர். மூன்றாம் முறை வார்க்க வந்தபோது பெண்கள் போதுமென்று மறுத்தனர். சற்று நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. தம் உணவு இகழப்பட்டதாய் எண்ணி, கேம்பிரிட்ஜை விட்டே அகன்று, சில நாள் கழித்தே அவர் திரும்பினார். பிறர் வீட்டில் விருந்தினராய் இருப்பது மட்டும் மனிதனுக்குப் போதாது. தன் இடத்தில், தன் கையால், பிறருக்கு விருந்தளிக்கவும் அவன் விரும்புகிறான். அவ்விருப்பம் முறியுமிடத்து அவன் உள்ளமும் முறிகிறது. இவ்வுண்மையை மறவாது வைத்துக்கொண்டால், பின்வரும் மலைநாட்டு வரலாறு தெளிவாகும்.

இராமானுஜன் இலண்டனில் முதல் நாட்கள் தங்கிய குரோம்வெல் சாலை இல்லம் இந்திய மாணவரை வரவேற்பதற்கென ஏற்பட்டதே. ஆயினும் அரசினரின் தொடர்புடைய அவ்வில்லத்தை இந்திய மாணவர் பலர் ஐயத்தோடு நோக்கினர். வரவேற்பது ஒரு கை, வேவு பார்ப்பது மறு கை என்று அவர்கள் கருதினர். கண்காணிப்பு கலந்த உபசாரம் உபசாரமாகாது. இக்குறையை உணர்ந்து செயற்பட்டவர்களுள் ஒருவர் சேலத்தில் 1876இல் பிறந்த தமிழர் கே. ரி. பால். இந்தியக் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் முதல் இந்தியப் பொதுச் செயலாளராயிருந்த அவரின் முயற்சியால் 1920இல் இலண்டனில் இந்திய மாணவர் விடுதி தோன்றியது. மாணவரே தம் கூட்டங்களை நடத்தவும், தம் கருத்துக்களை அச்சமின்றிப் பேசவும் இடமளித்த அவ்விடுதி, இடம் மாறி இன்றளவும் அந்நகரில் நிலைத்திருக்கிறது.

விடுதியினும் வீடே சிறந்தது என்ற எண்ணத்தை ஓர் இயக்கமாக்கியவர் அமெரிக்கரான டொனால்ட் வாட். ஒரு நாட்டாரை அறிய வேண்டுமாயின் அவர்தம் குடும்பத்துள் ஒருவராய் வாழ்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1932இல் அவர் இளைஞர் சிலரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். விரைவில், இளைஞர் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு குடும்பத்தில் தங்கவைத்தலே அம்முயற்சியின் உயிர்நிலையாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின், போர்க்களத்தில் காயமுற்றோரை வண்டியேற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர் படையினர் அவ்வழியைத் தாமும் மேற்கொண்டனர். 1947இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர் அமெரிக்கக் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தனர். காயத்துக்குக் கட்டுக் கட்டியவர், காயமே நேராதிருக்க வழி தேடினர் எனலாம். பிரித்தானியாவில் 1987இல் தோன்றிய ஹோஸ்ட் என்னும் அமைப்பு, வார இறுதியிலோ கிறிஸ்மஸ் விடுமுறையிலோ அயல்நாட்டு மாணவரைக் குடும்பங்களின் விருந்தினராய் அனுப்பும் பணியைச் செய்தது.

இவ்வரலாற்றில் நம் நாட்டின் தலைநகர்ப் பெயரையே தாங்கிய பெருந்திட்டமும் ஒன்றுண்டு. 1950ஆம் ஆண்டு சனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பிற் கூடினர். அங்கு உருவான எண்ணம் 1951 சூலை முதல் நாள் கொழும்புத் திட்டமாய் நடைமுறைக்கு வந்தது. அணைக்கட்டும் எந்திரமும் மட்டுமன்றி, ஆசிய மாணவர்க்குக் கல்வியும் அதன் பகுதியாயிற்று. 1980களின் நடுப்பகுதி வரையில் சுமார் 20,000 மாணவர் அத்திட்டத்தின்கீழ் அவுஸ்திரேலியாவில் பயின்றனர். அவருள் இலங்கையரும் இருந்தனர்.

அக்காலத்து அவுஸ்திரேலியா எத்தகையது? 1901இல் இயற்றப்பெற்ற குடிவரவுச் சட்டத்தால் வெள்ளையர் அல்லாதார் குடியேறுவதைத் தடுத்து வந்த நாடு அது. எழுத்துத் தேர்வு என்னும் பெயரால் வேண்டாதவரைத் திருப்பியனுப்பும் சூழ்ச்சி 1958 வரை சட்டத்தில் இருந்தது. 1966இல் கட்டு தளர்ந்தது. 1973இலேயே அக்கொள்கை முற்றாய் நீங்கிற்று. இவ்வாறு வாயிலை அடைத்து வைத்திருந்த நாட்டின் குடும்பங்கள், மாணவராய் வந்த ஆசியரைத் தம் வீட்டு வாயிலுக்குள் அழைத்தன. திருச்சபைகளும், றோட்டரிக் கழகங்களும், நாட்டுப்புற மாதர் சங்கத்தினரும் மாணவர்க்கு வீடு தேடிக் கொடுத்தனர். விடுமுறையில் ஆட்டுப் பண்ணைக்கோ, கோதுமை விளையும் சிற்றூருக்கோ, கடற்கரைக்கோ அவர்களை அழைத்துச் சென்றனர். சட்டம் ஒரு மக்களினத்தைப் பற்றிப் பேசிற்று. சாப்பாட்டு மேசையிலோ ஒரு மனிதரே எதிரில் அமர்ந்திருந்தார். அக்கொள்கை வீழ்ந்தமைக்குக் காரணங்கள் பல. ஆசியரை அயலவராயும் நண்பராயும் கண்டு பழகிய அக்குடும்பங்களின் அனுபவமும் அவற்றுள் ஒன்று என வரலாற்றாசிரியர் கருதுவர்.

இதுவரை கூறியவை, வீடுடையார் வீடில்லாதாரை ஏற்ற வரலாறு. பட்டிப்பொலவுக்கு மீண்டால், வேறொரு வினா எழுகிறது: வீட்டிலே வாழ்ந்தும் அவ்வீட்டுக்கு உரிமையில்லாதவர் விருந்தோம்புவது எவ்வாறு?

தோட்டத் தொழிலாளரின் இருப்பிடம் லயம். ஒரே கூரையின்கீழ், சுவரோடு சுவர் ஒட்டிய காம்பராக்களின் வரிசை அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பதே காம்பராவின் பழைய அளவு. அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. அடுப்பும், படுக்கையும், பிள்ளைகளின் புத்தகமும், சுவாமிப் படமும் அதற்குள்ளேயே. அத்தகைய இடத்திலும் விருந்து குறைந்ததில்லை. பொங்கலுக்கும், தீபாவளிக்கும், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும் வேற்றுத் தோட்டத்து உறவினர் வந்தால், அவர்களை உள்ளே படுக்கவைத்து வீட்டார் இஸ்தோப்பிற் சாக்கு விரித்துப் படுப்பர். ரொட்டியும் சம்பலும் சுடச்சுடத் தேத்தண்ணீரும் முதலில் வந்தவர்க்கே. அறையின் அளவு சிறியது. மனத்தின் அளவு அதனால் குறுகவில்லை.

ஆனால் அவ்வீடு அவர்தம் வீடன்று, தோட்டத்தினது. தோட்டமோ தனியார் உடைமை. துரையின் அனுமதியின்றி வெளியார் லயத்துக்குட் செல்லுதல் அக்காலத்தில் அத்துமீறலாய்க் கருதப்பட்டது. தஞ்சையிலிருந்து வந்து, பின்னர் மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியாய் விளங்கிய கோ. நடேசையர், தொழிலாளர் வாழ்க்கையை நேரிற் காண்பதற்காகத் துணி வணிகராய்த் தோட்டங்களுக்குட் சென்றாரென அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தன் இனத்தாரின் வாயிலில் விருந்தினராய்ச் சென்று நிற்க முடியாமல், ஒருவர் துணிமூட்டையைத் தோளிற் சுமந்து செல்ல நேர்ந்த காலம் அது.

வெளிநாட்டு இளைஞர் ஒருவரின் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் இலண்டனிற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். தேயிலைத் தொழிலைக் கற்பதற்காக 1936இல் இலங்கைக்கு வந்து, மடுல்கலையிலுள்ள தோட்டமொன்றிற் சேர்ந்தார். கற்க வந்த இளைஞர் என்ற வகையில் அவரும் ஒரு மாணவரே. துரைமாரின் பங்களாவும் மன்றமும் அவருக்குத் திறந்திருந்தன. அவரோ தொழிலாளரின் லயத்தையும் பள்ளியையும் நோக்கினார், தொழிலாளர் பக்கம் பேசினார், வேலையை இழந்தார். 1937 ஏப்பிரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் அவர் பேசியதைத் தொடர்ந்து, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் நாட்டைவிட்டு வெளியேறுமாறு தேசாதிபதி ஆணையிட்டார். நண்பர்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். மே மாதத்தில் உயர்நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாதென விலக்கி அவரை விடுவித்தது. விருந்தினர் எந்த வாயிலுக்குட் செல்லலாம், எந்த வாயிலுக்குட் செல்லலாகாது என்று ஒரு சமூகம் வகுத்திருந்த கோட்டை அவ்விளைஞர் கடந்தார் என்பதே அவர்மேற் சுமத்தப்பட்ட குற்றத்தின் சாரம்.

நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே, இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையில் 9,75,000 மக்களின் எதிர்காலம் கணக்கிடப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானம் என அது கூறிற்று. மலையைத் திருத்தி, பாதை வெட்டி, தேயிலை நட்டவரின் பேரப்பிள்ளைகள், தங்கும் நாள் கடந்த விருந்தினரைப்போல் நடத்தப்பட்டனர். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது தமிழ்ப் பழமொழி. மூன்று தலைமுறை உழைத்தவருக்கும் அப்பழமொழியே தீர்ப்பாயிற்று. ஊவாவிலிருந்து தலைமன்னார் நோக்கிப் பயணப்பட்டோரைச் சுமந்த கோச்சிகள் பட்டிப்பொல உச்சியையும் கடந்தே சென்றன. உலகின் கண்ணுக்கு இனிய இரயிற் பயணம் என்று பயணிகள் புகழும் அப்பாதையில், யன்னலுக்கு வெளியே பார்க்க மனமின்றிக் கண்கலங்கிச் சென்றவரும் உளர்.

காலம் மெல்லத் திருந்திற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளிடம் சென்றது. 2003இல் இயற்றப்பெற்ற சட்டம், எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினர்க்குக் குடியுரிமை வழங்கிற்று. 2015க்குப் பின் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்னும் திட்டம் தொடங்கிற்று. இந்திய அரசின் உதவியாலும் வீடுகள் எழுந்தன. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த இருநூறாண்டு நிறைவை 2023இல் நினைவுகூர்ந்தபோதும், லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பல்லாயிரம். வாக்குச்சீட்டுக் கைக்கு வந்தது. வாயிற்கதவின் திறவுகோலோ பலருக்கு இன்னும் வரவேண்டியதாகவே இருக்கிறது.

இதற்கிடையே உலக மாணவர் நம் மலைநாட்டை நாடி வரலாயினர். 1980களில் அமெரிக்கக் கல்லூரிகள் சில ஒன்றுகூடி அமைத்த இலங்கைக் கல்வித் திட்டத்தின்படி, மாணவர் கண்டிப் பகுதிக் குடும்பங்களோடு தங்கி, மொழியும் சமயமும் வரலாறும் பயின்றனர். அத்திட்டத்தைத் தொடங்கி வளர்த்தவர்களுள் முதன்மையானவர் சமய வரலாற்றுப் பேராசிரியர் ஜோன் ஹோல்ட். 2014இல் அவுஸ்திரேலியா புதிய கொழும்புத் திட்டம் என்னும் பெயரால், தன் இளைஞரை ஆசிய நாடுகளுக்குப் படிக்க அனுப்பத் தொடங்கிற்று. இலங்கையும் அந்நாடுகளுள் ஒன்று. ஒரு தலைமுறையில் சென்ற பாதை மறு தலைமுறையில் திரும்பி வந்தது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாய் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டிப்பொலவிலும் அதன் அயலூர்களிலும் குடியானவர் தம் வீட்டின் ஓர் அறையை ஒழுங்குசெய்து வருவோர்க்கு அளிக்கலாயினர்.

விருந்தளிக்க முன்வரும் குடும்பத்துக்கு மேற்சொன்ன வரலாறு கற்பிப்பது என்ன? முதலாவது, புதியவர்க்கு எதுவும் தானே விளங்குமென்று எண்ணலாகாது. பட்டிப்பொலவின் இரவுக் குளிர் வெப்பநாட்டுப் படங்களை மட்டும் கண்டு வந்த மாணவரைத் திகைக்கவைக்கும். தை, மாசி மாதங்களில் சமவெளியில் உறைபனியும் விழும். கம்பளி எங்கே, வெந்நீர் எப்போது, கதவின் தாழ் எவ்வாறு என்பவற்றை முதல் நாளே கூறிவிடுதல் வேண்டும். உலக முடிவைக் காண்பதற்கு விடியுமுன் புறப்பட வேண்டும். முற்பகல் ஏறுமுன் மூடுபனி வந்து பள்ளத்தை மறைத்துவிடும். பூங்காவுக்குட் பொலித்தீன் கொண்டுசெல்லலாகாது என்பதையும், மரைகளுக்கு உணவூட்டலாகாது என்பதையும் உணவுப் பொதி கட்டும்போதே சொல்லிவைத்தல் நன்று.

இரண்டாவது, விருந்தினரைக் கண்ணாடிப் பெட்டியுள் வைத்தலாகாது. நெவில் இல்லத்தில் இராமானுஜன் பெற்ற இன்பம் பெரும்பாலும் சேர்ந்து வாழ்ந்ததால் விளைந்தது. தோட்டத்தில் லீக்ஸ் பிடுங்கும் காலையில் மாணவரும் ஒரு கூடை தூக்கட்டும். ரொட்டிக்கு மா பிசையட்டும். தம் நாட்டு உணவொன்றை ஒரு மாலையிற் சமைத்து வீட்டாருக்குப் பரிமாறட்டும். அவ்வுணவில் உப்பு மிகுந்தாலும் மறுமுறை கேட்டு வாங்குதல் வீட்டார் கடன். மூன்றாம் முறை மறுக்க நேர்ந்தாலும், மறுப்பின் காரணத்தை இன்சொல்லாற் கூறினால் மனம் புண்படாது.

மூன்றாவது, காட்டுவதில் நேர்மை வேண்டும். அருவியும், தேயிலைப் பச்சையும், வெண்பனியும் காண்பதற்கு இனியன. அவற்றினூடே கொழுந்துக் கூடையோடு செல்லும் பெண்ணும் காட்சிப்பொருளாகிப் படத்துக்குள் அடங்கிவிடுகிறாள். அவள் எந்நேரம் எழுந்தாள், எத்தனை கிலோ பறித்தாள், அவள் பிள்ளை எங்கே படிக்கிறது என்பவற்றை மாணவர் அறிந்து சென்றாலே அவர் இந்நாட்டைக் கண்டவராவார். பேசுவதற்கு அவளுக்கும் நேரமும் விருப்பமும் உண்டோ என்று முதலிற் கேட்டறிதல் பண்பு. ஹெக்கலின் காலத்தில் சுமந்தவர் பெயர் நூலில் ஏறவில்லை. இக்காலத்து மாணவரின் குறிப்பேட்டிலாவது அது ஏறுதல் வேண்டும்.

விருந்தோம்பல் ஏழைக்கும் செல்வர்க்கும் பொதுவான அறம் என்பர். மலைநாட்டு லயங்கள் அதற்குச் சான்று. ஆயினும், அழைப்பதற்கு ஒரு வாயிலும், அவ்வாயிலைத் தன்னது என்று சொல்வதற்கு ஓர் உரிமையும் இருந்தாலன்றி அவ்வறம் முழுமை பெறாது. அயல்நாட்டு மாணவர் ஒருவர் பட்டிப்பொல நிலையத்தில் இறங்கி, பனியில் நனைந்த பாதை வழியே தோட்டத்துக்கு நடந்து வந்து, தன் பெயரில் உறுதியுள்ள வீட்டின் முன் நிற்கும் ஒரு தொழிலாளர் குடும்பம் அவரை உள்ளே அழைக்குமாயின், இருநூறாண்டு வரலாற்றில் அஃது ஒரு புதிய நிகழ்ச்சியாகும். விருந்து என்னும் சொல்லின் பழம்பொருளும் புதுமை என்பதேயன்றோ! அந்நாளை விரைவில் எய்துவிப்பது அரசினர்க்கும், தோட்டங்களை நடத்துவோர்க்கும், அம்மக்கள் பறித்த கொழுந்தின் தேநீரைக் காலைதோறும் பருகும் நம் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.